குவெரி ஓடுகிறது, ஒரு வரியும் வரவில்லை: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

தரவுத்தளத்திடம் எஸ்க்யூஎல் மொழியில் கேட்கும் கேள்விதான் குவெரி. அதை ஓட்டிப் பிழைச் செய்தி வந்தால் எங்கே பார்ப்பது என்று அந்தச் செய்தியே சொல்லிவிடும். பிழை எதுவும் இல்லாமல் "0 வரிகள்" என்று வருவதுதான் ஆளை அலைக்கழிக்கும். தரவுத்தளம் தவறு செய்யவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறது. நாம் கேட்டதாக நினைத்த கேள்வி ஒன்று, உண்மையில் கேட்ட கேள்வி வேறு. எந்த நிபந்தனை வரிகளை விழுங்குகிறது என்று கண்டுபிடிப்பதுதான் இங்கே வேலை. அதற்கு முன் கேள்வியை மனம்போனபடி மாற்றிப் பார்ப்பதால் நேரம்தான் போகும்.

கீழே உள்ள எடுத்துக்காட்டுகள் பினாங்கிலோ கோலாலம்பூரிலோ ஒரு சங்கமோ கோயில் நிர்வாகமோ டியூஷன் நிலையமோ வைத்திருக்கக்கூடிய உறுப்பினர் பதிவேட்டை வைத்து எழுதப்பட்டவை. இரண்டு டேபிள்கள்: "உறுப்பினர்", "சந்தா". கட்டளைச் சொற்கள் ஒலிப்படி தரப்பட்டுள்ளன. டேபிள், புலப் பெயர்களை உங்கள் தளத்தில் உள்ளபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

எதையும் தொடுவதற்கு முன்

எந்தத் தளத்தில் கேட்கிறீர்கள் என்று உறுதி செய்யுங்கள். சோதனைத் தளமும் நேரடித் தளமும் ஒரே பெயரில் இருக்கும் அலுவலகங்களில் இதிலேயே கதை முடிந்துவிடும். தரவுத்தள மென்பொருள் மைஎஸ்க்யூஎல் என்றால் செலக்ட் டேட்டாபேஸ்(). எஸ்க்யூஎல் சர்வரில் செலக்ட் டிபி_நேம்(). போஸ்ட்கிரெஸில் கரண்ட்_டேட்டாபேஸ்() மட்டும் போதாது, ஷோ சர்ச்_பாத் கொடுத்து எந்த ஸ்கீமா (டேபிள்களை அடக்கிய பிரிவு) முன்னால் நிற்கிறது என்றும் பாருங்கள்: ஒரே பெயரில் இரண்டு ஸ்கீமாக்களில் டேபிள் இருந்தால் முதலில் அகப்படும் டேபிளைத்தான், அது காலியாக இருந்தாலும், எடுக்கும். எஸ்க்யூலைட்டில் .டேட்டாபேசஸ் என்று கொடுத்தால் கோப்பின் முழுப் பாதை தெரியும். பாதை தவறினால் எஸ்க்யூலைட் புதிதாக ஒரு காலிக் கோப்பை உருவாக்கிக்கொள்ளும். செயலி தொடங்கும்போதே டேபிள்களையும் உருவாக்கும் வகையாக இருந்தால், எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றி உள்ளே ஒன்றும் இருக்காது.

எந்த நிபந்தனை விழுங்குகிறது?

வரிகளை வடிகட்டும் 'வேர்' என்ற கட்டளைப் பகுதியில் நான்கைந்து நிபந்தனைகள் இருந்தால் ஒவ்வொன்றாக நீக்கிப் பார்ப்பது வழக்கம். அதைவிட, ஒரே ஓட்டத்தில் எல்லாவற்றையும் எண்ணிவிடலாம்:

செலக்ட் கவுண்ட்(*) ஆஸ் மொத்தம்,
சம்(கேஸ் வென் மாநிலம் = 'பினாங்கு' தென் 1 எல்ஸ் 0 எண்ட்) ஆஸ் மாநிலம்_சரி,
சம்(கேஸ் வென் நிலை = 'நடப்பு' தென் 1 எல்ஸ் 0 எண்ட்) ஆஸ் நிலை_சரி,
சம்(கேஸ் வென் சேர்ந்த_தேதி >= '2020-01-01' தென் 1 எல்ஸ் 0 எண்ட்) ஆஸ் தேதி_சரி
ஃப்ரம் உறுப்பினர்;

மொத்தம் 1,800, தேதி 900, நிலை 1,500, மாநிலம் 0 என்று வந்தால் குற்றவாளி யார் என்று சொல்ல வேண்டியதில்லை. எதுவுமே 0 இல்லை, சேர்த்துக் கேட்டால் மட்டும் 0 என்றால் நிபந்தனைகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. நிலை = 'நடப்பு' ஆண்ட் நிலை = 'ஆயுள்' என்று ஒரே புலத்தில் இரண்டு மதிப்பைக் கேட்டிருப்பீர்கள் (இன் போட வேண்டிய இடம்); அல்லது பிட்வீனில் பெரிய எண்ணை முன்னால் எழுதியிருப்பீர்கள். பிட்வீன் 60 ஆண்ட் 18 என்றால் ஒருபோதும் எதுவும் வராது, பிழையும் வராது.

மாநிலம் 0 என்று வந்ததா? உடனே செலக்ட் மாநிலம், கவுண்ட்(*) ஃப்ரம் உறுப்பினர் குரூப் பை மாநிலம் ஓட்டிப் பாருங்கள். நம் ஊர்ப் பதிவேடுகளில் இந்தப் பட்டியலைப் பார்த்தாலே பாதி புரிந்துவிடும். ஒரே மாநிலம் 'பினாங்கு', 'புலாவ் பினாங்', 'பி. பினாங்' என்று மூன்று உருவில் இருக்கும். தலைநகரம் 'கோலாலம்பூர்', 'கே.எல்.', 'விலாயா பெர்செகுத்துவான்' என்று கிடக்கும். இதற்கு ஒவ்வொரு குவெரியிலும் ஆர் போட்டு ஒட்டுப்போடாதீர்கள். மாநிலத்துக்கு ஒரு தனி டேபிள் வைத்து, பதிவேட்டில் குறியீட்டை மட்டும் சேமியுங்கள்.

அறிகுறி: பெயர் போட்டால் ஆள் வருகிறார், ஐசி எண் போட்டால் வரவில்லை

ஐசி எண் எனப்படும் மலேசிய அடையாள அட்டை எண்ணில் 12 இலக்கம்: முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடத்தின் குறியீடு, கடைசியில் நான்கு. மைகாட் என்ற அந்த அட்டையில் 030512-07-0000 என்று கோடு போட்டு இருக்கும். சிலர் கோட்டோடு பதிவார்கள், சிலர் கோடில்லாமல். தேடும்போது இரண்டும் வெவ்வேறு சரங்கள் (எழுத்துத் தொடர்கள்). ரிப்ளேஸ்(ஐசி, '-', '') என்று கோட்டை எடுத்துவிட்டு ஒப்பிடுங்கள். நிரந்தரத் தீர்வு, சேமிக்கும்போதே 12 இலக்கமாக மட்டும் சேமிப்பது; கோடு திரையில் காட்டும்போது வந்தால் போதும்.

அதைவிட மோசமானது, அந்தப் புலத்தை எண் வகையாக வைத்திருப்பது. 1975இல் பிறந்தவர் பிரச்சினையில்லாமல் வருவார். 2003இல் பிறந்தவரின் 030512070000 என்ற எண் முன்னிருக்கும் சுழியை இழந்து 30512070000 ஆகிவிடும். 2000ஆம் ஆண்டு பிறந்தவருக்குக் குறைந்தது இரண்டு சுழி போய்விடும். ஆகவே அறிகுறி இப்படி இருக்கும்: பெற்றோர் எல்லாரும் கிடைக்கிறார்கள், 2000 முதல் 2009 வரை பிறந்த பிள்ளைகள் மட்டும் கிடைக்கவில்லை. அப்படி இருந்தால் வேறெங்கும் தேட வேண்டாம். புலத்தைச் சர வகைக்கு மாற்றி, எல்பேட் கொண்டு இடப்பக்கம் 12 இலக்கத்துக்குச் சுழி நிரப்புங்கள்.

எக்செல் வழியாக வந்த தரவு என்றால் இன்னொரு ஆபத்து உண்டு. 12 இலக்க எண்ணை எக்செல் பத்தின் அடுக்காகச் சுருக்கிக் காட்டும். அந்த நிலையில் சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த உரைக் கோப்பாக) சேமித்தால் சுருங்கியதுதான் கோப்பில் போகும். பின்னிலக்கங்கள் அழிந்தே போய்விடும். இதற்கு எந்தக் குவெரியும் மருந்தில்லை, மூலக் கோப்புக்குத்தான் திரும்ப வேண்டும். எக்செலில் திறக்கும்போதே அந்தப் பத்தியை டெக்ஸ்ட் என்று குறித்துவிடுங்கள்.

அஞ்சல் குறியீட்டிலும் இதே கோளாறுதான். ஆனால் பினாங்குக் குறியீடுகள் 1இலும் கோலாலம்பூர்க் குறியீடுகள் 5இலும் தொடங்குவதால் நீண்டகாலம் தெரியாமலேயே இருக்கும். அலோர் ஸ்டாரின் 05000, கங்காரின் 01000 என்று கெடா, பெர்லிஸ் உறுப்பினர்களைத் தேடும் நாளில்தான் வெளிவரும்.

பெயரைச் சமக்குறி போட்டுத் தேடுவதை விட்டுவிடுங்கள். ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) என்பதை இடைவெளி விட்டு எழுதுபவர்களும் உண்டு, எஸ்/ஓ என்று எழுதுபவர்களும் உண்டு, 'அனாக் லெலாக்கி' என்று விரித்து எழுதுபவர்களும் உண்டு. ஆளை அடையாளம் காண ஐசி எண்; பெயர் வெறும் துணைதான்.

அறிகுறி: கண்ணுக்கு ஒன்றாகவே இருக்கிறது, சமக்குறி போட்டால் பொருந்தவில்லை

கண்ணை நம்பாமல் நீளத்தைக் கேளுங்கள். 5 எழுத்துச் சொல்லுக்கு 6 என்று வந்தால் உள்ளே ஏதோ ஒளிந்திருக்கிறது. கடைசி எழுத்தின் எண்ணைப் பார்க்க, போஸ்ட்கிரெஸில் ஆஸ்கி(ரைட்(பெயர், 1)), எஸ்க்யூஎல் சர்வரில் யூனிகோட்(ரைட்(பெயர், 1)), எஸ்க்யூலைட்டில் யூனிகோட்(சப்ஸ்ட்ர்(பெயர், -1)).

32 வந்தால் சாதாரண இடைவெளி. ட்ரிம் போதும். மைஎஸ்க்யூஎல் பழைய கொலேஷன்களில் (எழுத்துகளை ஒப்பிடும் விதித் தொகுப்புகளில்) வால் இடைவெளியைக் கண்டுகொள்ளாது, 8.0இல் வந்த 0900 வகைக் கொலேஷன்கள் கண்டுகொள்ளும். அதனால் பதிப்பு மாற்றியபோது கொலேஷனையும் மாற்றியிருந்தால், நேற்றுவரை பொருந்திய வரி இன்று பொருந்தாது. 160 வந்தால் வலைப்பக்கத்திலிருந்தோ வேர்டிலிருந்தோ ஒட்டப்பட்ட உடையா இடைவெளி. ட்ரிம் அதைத் தொடாது, ரிப்ளேஸ் போட்டுத்தான் எடுக்க வேண்டும். 13 வந்தால் விண்டோஸில் உருவான சிஎஸ்வியை வரி முடிவு சரியாகச் சொல்லாமல் ஏற்றியிருக்கிறீர்கள். இதற்கு ஒரு தெளிவான அடையாளம் உண்டு: டேபிளின் கடைசிப் புலம் மட்டும் எதனோடும் பொருந்தாது, மற்றவை நன்றாக இருக்கும்.

அறிகுறி: ஆங்கில எழுத்தில் தேடினால் வருகிறது, தமிழில் தேடினால் மட்டும் வரவில்லை

தமிழில் பெயர் சேமிக்கும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பொதுவான வழிகாட்டிகளில் இது கிடைக்காது.

'கோமதி' என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். 'கோ' என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று: க (2965), ோ (3019). மற்றொன்று: க (2965), ே (3015), ா (3006). திரையில் இரண்டுக்கும் துளி வேறுபாடு தெரியாது. முதல் வகையில் 'கோமதி' 5 குறியெண்கள், யூடிஎஃப்-8இல் 15 பைட். இரண்டாவதில் 6 குறியெண்கள், 18 பைட். பைட் பைட்டாக ஒப்பிடும் தளத்துக்கு இவை இரண்டும் வேறு வேறு ஆள்கள். பழைய எழுத்துருக்களில் இருந்த ஆவணங்களை யூனிகோடுக்கு மாற்றும்போதும், பிடிஎஃப்பிலிருந்து படியெடுக்கும்போதும் இரண்டாவது வகை உள்ளே வந்துவிடுவதுண்டு. ொ, ோ, ௌ மூன்றுக்கும் இதே நிலைதான்.

மைஎஸ்க்யூஎல்லில் லெங்த்(பெயர்) பைட்டையும் கேர்_லெங்த்(பெயர்) குறியெண் எண்ணிக்கையையும் தரும். போஸ்ட்கிரெஸில் ஆக்டெட்_லெங்த், லெங்த். ஒரே பெயருக்கு 15, 18 என்று இரண்டு அளவு கண்டால் நோய் உறுதி.

ஒரே எழுத்தின் இரண்டு வடிவங்களையும் ஒன்றாக்கும் யூனிகோடின் என்எஃப்சி முறைப்படி சீராக்குவதுதான் தீர்வு. போஸ்ட்கிரெஸ் 13 முதல் நார்மலைஸ்(பெயர், என்எஃப்சி) உள்ளேயே இருக்கிறது. மைஎஸ்க்யூஎல்லில் அப்படி ஒரு செயற்கூறு இல்லை. பைத்தானின் யூனிகோட்டேட்டா, ஜாவாஸ்கிரிப்டின் நார்மலைஸ் போன்றவற்றால் செயலியில் செய்து அனுப்ப வேண்டும். சேமிக்கும்போது ஒரு முறை, தேடும் சொல்லுக்கு ஒரு முறை, இரண்டு பக்கமும் செய்தால்தான் பயன்.

என்எஃப்சியும் தீர்க்காத இரண்டு உண்டு. முதலாவது ஸ்ரீ. ஸ (3000) வைத்து எழுதியதும் ஶ (2998) வைத்து எழுதியதும் பல எழுத்துருக்களில் ஒரே உருவமாகத் தெரியும். யூனிகோடைப் பொறுத்தவரை அவை சமமானவை அல்ல. கோயில் பெயர்கள் பெரும்பாலும் ஸ்ரீயில் தொடங்குவதால், "ஸ்ரீ" போட்டுத் தேடி ஒரு கோயிலும் வரவில்லை என்றால் இதைத்தான் முதலில் பாருங்கள். ஒன்றைத் தேர்ந்து மற்றதை ரிப்ளேஸ் செய்துவிடுங்கள். இரண்டாவது, ஔகாரக் குறியின் பின்பாதியாக வரும் ௗ (3031) இருக்க வேண்டிய இடத்தில் ள (2995) தட்டப்பட்டிருப்பது. 'கௌரி' என்ற பெயரில் இது வந்தால் கண்ணுக்குப் புலப்படவே புலப்படாது. இதைப் பட்டியலிட்டுக் கையால்தான் திருத்த வேண்டும், ஏனென்றால் ளகரம் முறையாக வரும் சொற்களையும் ரிப்ளேஸ் கெடுத்துவிடும்.

எஸ்க்யூஎல் சர்வர் பயன்படுத்துபவர்களுக்கு மட்டும்: தமிழ்ச் சரத்துக்கு முன்னால் ஆங்கில 'என்' எழுத்து போட மறந்தால், அந்தச் சரம் தளத்துக்குள் போகும் வழியிலேயே கேள்விக்குறிகளாக மாறிவிடும். நீங்கள் கோமதியைத் தேடவில்லை, '?????' என்ற பெயருள்ளவரைத் தேடுகிறீர்கள். புலம் யூனிகோடை ஏற்கும் என்வார்கேர் வகை, குவெரியில் என் முன்னொட்டு, இரண்டும் வேண்டும். புலமே வார்கேர் ஆக இருந்து உள்ளேயும் கேள்விக்குறிதான் தெரிகிறது என்றால் தரவு பதிவான அன்றே போய்விட்டது. மறுபடி தட்டச்சு செய்வதைத் தவிர வழியில்லை.

அறிகுறி: "சந்தா கட்டாதவர்கள்" பட்டியல் காலியாக வருகிறது

எல்லாரும் கட்டிவிட்டார்கள் என்று செயற்குழு மகிழ்ந்துவிடும். குவெரி பெரும்பாலும் இப்படி இருக்கும்:

செலக்ட் பெயர் ஃப்ரம் உறுப்பினர் வேர் எண் நாட் இன் (செலக்ட் உறுப்பினர்_எண் ஃப்ரம் சந்தா வேர் ஆண்டு = 2025);

சந்தா டேபிளில் அந்த ஆண்டுக்கு உறுப்பினர் எண் இல்லாத ஒரே ஒரு வரி, பெயர் சொல்லாமல் யாரோ கொடுத்த நன்கொடையைக் காசாளர் அங்கேயே பதிந்த வரி, இருந்தால் போதும், முழுப் பட்டியலும் மறைந்துவிடும். காரணம் இது: எண் நாட் இன் (5, 9, நல்) என்பதைத் தளம் "5 அல்ல, 9 அல்ல, நல் அல்ல, மூன்றும் உண்மையாக வேண்டும்" என்று விரிக்கிறது. நல் என்றால் மதிப்பு தெரியாது. தெரியாத ஒன்றோடு ஒப்பிட்டால் விடை உண்மையும் அல்ல, பொய்யும் அல்ல, "தெரியாது". வேர் பகுதி உண்மை என்று உறுதியானதை மட்டுமே உள்ளே விடும். ஆகவே எந்த உறுப்பினரும் தேற மாட்டார்.

நாட் எக்ஸிஸ்ட்ஸுக்கு மாற்றுங்கள்:

செலக்ட் உ.பெயர் ஃப்ரம் உறுப்பினர் உ வேர் நாட் எக்ஸிஸ்ட்ஸ் (செலக்ட் 1 ஃப்ரம் சந்தா ச வேர் ச.உறுப்பினர்_எண் = உ.எண் ஆண்ட் ச.ஆண்டு = 2025);

உள் குவெரியில் ஈஸ் நாட் நல் சேர்த்தாலும் விடை சரியாக வரும். ஆனால் அடுத்த குவெரியில் மறந்துவிடுவோம்; நாட் எக்ஸிஸ்ட்ஸையே பழக்கமாக்கிக்கொள்வது மேல்.

இதே குடும்பத்தைச் சேர்ந்தவை இன்னும் சில. தொலைபேசி = நல் என்று கேட்டால் ஒருபோதும் வராது, ஈஸ் நல் என்று கேட்க வேண்டும். நிலை <> 'விலகியவர்' என்றால் நிலை காலியாக இருப்பவர்களும் சேர்ந்து விடுபடுவார்கள். ஆரக்கிளில் காலிச் சரமே நல்தான், அங்கே = '' என்பதற்கு எப்போதும் பூஜ்ஜியமே.

அறிகுறி: ஜாயின் சேர்த்ததும் எல்லாம் மறைகிறது

ஜாயின் என்பது இரண்டு டேபிள்களை இணைப்பது. இரு பக்கமும் பொருந்தும் வரிகளை மட்டும் தரும் இன்னர் ஜாயினை, இடப்பக்க வரிகள் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளும் லெஃப்ட் ஜாயினாக மாற்றி ஓட்டுங்கள். வலப்பக்கம் முழுக்க நல் என்றால் இணைக்கும் புலங்கள் பொருந்தவில்லை: மேலே சொன்ன சுழி, கோடு, இடைவெளிக் கோளாறுகளில் ஒன்று அங்கே இருக்கும். லெஃப்ட் ஜாயின் போட்டும் வரவில்லை என்றால் வேர் பகுதியில் வலப்பக்க டேபிளின் நிபந்தனை நிற்கிறது. வேர் ச.ஆண்டு = 2025 என்று எழுதினால் சந்தா இல்லாதவர்களின் ஆண்டு நல் ஆகி அவர்கள் விழுந்துவிடுவார்கள். அந்த நிபந்தனையை ஆன் பகுதிக்கு நகர்த்துங்கள்.

அறிகுறி: தேதி போட்டால் வரவில்லை

புலம் தேதியும் நேரமும் சேர்ந்த டைம்ஸ்டாம்ப் வகையாக இருந்தால் = '2025-03-31' என்பது அன்று நள்ளிரவு 00:00:00 என்ற ஒரு கணத்தை மட்டுமே குறிக்கும். >= '2025-03-31' ஆண்ட் < '2025-04-01' என்று எழுதுங்கள்.

எஸ்க்யூஎல் சர்வரில் அமெரிக்க மொழியமைப்பு இருந்தால் '03/04/2025' ஏப்ரல் 3 ஆகாது, மார்ச் 4 ஆகும். நாள் 12ஐத் தாண்டினால் பிழைச் செய்தி வரும். 12 வரைக்கும் ஓசைப்படாமல் தவறான நாளைத் தேடும். '20250403' என்று இடைக்கோடில்லாமல் கொடுத்தால் எந்த அமைப்பிலும் ஏப்ரல் 3தான்.

சர்வர் யூடிசி (உலகப் பொது நேரம்) நேரத்தில் ஓடினால், இங்கே மலேசியாவில் காலை 8 மணி ஆகும்வரை அதற்கு இன்னும் நேற்றுதான். காலை 7 மணிக்கு "இன்றைய வகுப்புகள்" காலியாக வந்து 8 மணிக்குத் தானாகச் சரியாகிறதா? அதுதான் காரணம்.

இன்னொன்று நம் நாட்டுக்கே உரியது. 1982 ஜனவரி 1க்குத்தான் தீபகற்ப மலேசியா யூடிசியிலிருந்து 8 மணி நேரம் முன்னே போனது. அதற்கு முன் 7 மணி 30 நிமிடம். பிறந்த தேதியை நேரத்தோடு யூடிசியில் சேமிக்கும் செயலியில், 1975 மே 10 நள்ளிரவு என்பது மே 9 மாலை 4:30 என்று பதிவாகும். திரும்ப எடுக்கும்போது யாராவது நிலையாக 8 மணி நேரம் கூட்டியிருந்தால் 00:30 கிடைக்கும், 00:00 உடன் பொருந்தாது. இளையவர்கள் கிடைக்கிறார்கள், 1982க்கு முன் பிறந்தவர்கள் எவரும் கிடைக்கவில்லை என்றால் இதைப் பாருங்கள். ஆசியா/கோலாலம்பூர் என்ற மண்டலப் பெயரைக் கொடுத்து மாற்றினால் வரலாறு உட்பட சரியாகக் கணக்கிடும். பிறந்த தேதிக்கு நேரமே வேண்டாம். டேட் வகைப் புலம் போதும்.

அறிகுறி: தொகை போட்டால் வரவில்லை

தசமத்தைத் தோராயமாகச் சேமிக்கும் ஃப்ளோட் புலத்தில் 19.90 ரிங்கிட் துல்லியமாக நிற்காது, = 19.90 பொருந்தாமல் போகலாம். டெசிமல்(10,2) ஆக்குங்கள்.

அறிகுறி: நேரடியாக ஓட்டினால் வருகிறது, செயலியில் வரவில்லை

செயலி உண்மையில் அனுப்பும் குவெரியைப் பதிவில் எடுத்துப் பாருங்கள். நீங்கள் ஒட்டி ஓட்டிய குவெரி அதுவாக இருக்காது. நீக்கப்பட்டவை என்று குறித்த வரிகளை, செயலிக்காகக் குவெரியைத் தானே எழுதும் ஓஆர்எம் வடிகட்டியிருக்கலாம். பக்க எண் 0இலா 1இலா தொடங்குகிறது என்ற குழப்பத்தில் ஆஃப்செட் (எத்தனை வரியைத் தாண்டித் தொடங்குவது என்ற எண்) கடைசி வரியைத் தாண்டியிருக்கலாம். லைக் '%?%' என்று கேள்விக்குறியை மேற்கோளுக்குள் வைத்திருந்தால் அது அளவுருவே அல்ல, வெறும் எழுத்து. % குறிகளை மதிப்போடு சேர்த்து அனுப்புங்கள். மைஎஸ்க்யூஎல்லிலிருந்து போஸ்ட்கிரெஸுக்கு மாறியவர்கள் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பாருங்கள்: முன்னதன் இயல்பான அமைப்பில் வேறுபாடு இல்லை, பின்னதில் உண்டு.

எஸ்க்யூலைட்டில் புலப் பெயரை இரட்டை மேற்கோளில் தவறாக எழுதினால், அப்படி ஒரு புலம் இல்லை என்று அது சொல்லாமல் அதைச் சரமாகவே எடுத்துக்கொள்ளும். "மாநிலாம்" = 'பினாங்கு' என்பது இரண்டு சொற்களின் ஒப்பீடு; எந்த வரிக்கும் உண்மையாகாது.

போஸ்ட்கிரெஸிலும் அதன் மேல் நிற்கும் சுபாபேஸிலும் வரிநிலைப் பாதுகாப்பை இயக்கிவிட்டுக் கொள்கை எதுவும் எழுதாவிட்டால், டேபிளின் உரிமையாளருக்கு எல்லாம் தெரியும், செயலியின் பயனருக்கு எதுவும் தெரியாது. அனுமதி மறுப்பு என்ற செய்திகூட வராது. செட் ரோல் கொடுத்து அந்தப் பயனராகவே மாறி ஓட்டிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

கடைசியாக, ஓடிக்கொண்டே இருக்கும் பைத்தான் நிரல் புதிய வரிகளைக் காணவே இல்லை, மறுதொடக்கம் செய்தால் காண்கிறது என்றால்: மைஎஸ்க்யூஎல்லின் பரிவர்த்தனைகளுக்கு (ஒன்றாக முடியும் கட்டளைத் தொகுதிகளுக்கு) இயல்பு நிலை ரிப்பீட்டபிள் ரீட். பரிவர்த்தனையில் முதல் முறை படித்த கணத்தின் காட்சியையே அது முடியும்வரை காட்டும். பைத்தான் இணைப்பிகளில் ஆட்டோகமிட் (ஒவ்வொரு கட்டளையையும் தானே முடித்து உறுதிசெய்வது) இயல்பாக அணைந்திருக்கும், ஆகவே அந்தப் பரிவர்த்தனை முடிவதே இல்லை. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் கமிட் கொடுங்கள், அல்லது ஆட்டோகமிட்டை இயக்குங்கள். எழுதும் பக்கத்தையும் ஒரு முறை பாருங்கள்: வேறொரு சாளரத்தில் இன்சர்ட் செய்தவர் கமிட் கொடுக்காமல் சாப்பிடப் போயிருந்தால், அந்த வரிகள் அவர் திரையில் மட்டும்தான் இருக்கும்.